உஷா ஆடிய பதினேழாவது அறை

"லோரிதான் முதல்ல போவணும், அது சரிதான் லா. ஆனா அது அவளுக்குத் தெரியாதே," என்றான் சுகுமாரன்.

கருப்பையா எதுவும் கேட்டிருக்கவில்லை. ஸ்பேனர் இரவல் வாங்க வந்தவன் அவன்.

"யாருக்குண்ணே தெரியாது?"

"உஷாவுக்கு."

கருப்பையா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். சுகுமாரனின் மனைவி உஷா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

சுகுமாரன் ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் உள்ள தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. தேயிலை ஆலையில் ஃபிட்டர் வேலை. ஓடுகிற மெஷினில் காதை வைத்தே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அணைக்கட்டில் வேலை பார்த்த இஞ்சினியர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, டிவியோடு சேர்த்து ஓட்டுகிற ஒரு சின்னக் கம்ப்யூட்டரை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குமுன் ஈப்போ நகரத்துக் கடையொன்றில், கம்ப்யூட்டரில் பெட்டி தள்ளுகிற விளையாட்டைப் பார்த்து மயங்கியிருந்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து, அதே மாதிரி ஒன்றைத் தானே எழுதினான்.

அவன் விளையாட்டில் பெட்டிக்குப் பதில் கொழுந்துக் கூடை. ஓர் ஆள் கூடைகளைத் தள்ளி எடை போடும் கொட்டகையில் சேர்க்க வேண்டும். நடுவே ஒரு லோரி போய் வந்துகொண்டே இருக்கும், அதில் மாட்டினால் ஆட்டம் முடிந்தது. மொத்தம் முப்பது அறைகள். எந்த நொடியில் எந்தப் பொத்தானை அமுக்கினோம் என்பது கேசட்டில் பதிவாகும். பிறகு போட்டுப் பார்த்தால், ஆடியவர் ஆடியபடியே அந்த ஆள் தானாக நடப்பான்.

பதினேழாவது அறை சுகுமாரனுக்கே பிடிபடவில்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்த உஷா ஒரே மாலையில் அதை முடித்தாள்.

"நீங்க கட்டுன வீட்டுக்குள்ள நீங்களே வழி தெரியாம நிக்கிறீங்க. என்னா ஆளு போங்க," என்றாள்.

அது எண்பத்தாறு, ஜூலை மாதம். அப்போதே அவளுக்கு இருமல் இருந்தது. குளிர் என்று நினைத்தார்கள். அக்டோபரில் தாப்பா ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் விளையாட்டைத் திருத்த ஆரம்பித்தான். கங்காணி வீரப்பன் ஒருநாள் ஆடிப் பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார். "என்னாப்பா இது? எஸ்டேட்டுல லோரி எறங்குனா ஆளு ஒதுங்கி நிக்கணும். ஒன் ஆளு லோரிக்கு முன்னால குறுக்க ஓடுறான்."

அது நியாயமாகப் பட்டது. அதுவரை ஒவ்வொரு நொடியும் ஆள் முதலில் ஓர் அடி வைப்பான், அப்புறம்தான் லோரி நகரும். அதை மாற்றி லோரியை முதலில் போகவிட்டான். காலிக் கேசட் இல்லாததால் பழைய விளையாட்டின் மேலேயே புதியதைப் பதித்தான்; ஆடியவர்களின் பதிவுகள் மட்டும் தனிக் கேசட்டில் இருந்தன. எஸ்டேட்டில் பிறந்தவன் எவனும் லோரியைத்தான் முதலில் விட்டிருப்பான்.

இலை சுருட்டும் ரோலரைப் பழுது பார்த்தால் நல்ல கொழுந்து போடுமுன் பழைய இலையைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது ஆலை வழக்கம். அப்படித்தான் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் புதிய விளையாட்டில் ஓட்டினான். பதினாறு அறைகள் ஒழுங்காக ஓடின. பதினேழில், நாற்பத்தோராவது அடியில், உஷாவை லோரி அடித்துவிட்டது. ஆள் முதலில் நகரும் பழைய முறைக்கு ஏற்ப அவள் அமுக்கியிருந்தாள்.

வேறு எங்கும் அவள் கை அசைவு மிச்சமில்லை. போட்டோ இருந்தது. போட்டோ நடக்காது.

பழைய பதிவு வந்தால் பழைய முறையில் ஓட வேண்டும் என்று விளையாட்டுக்குள்ளேயே எழுதினான். ஆனால் அழிந்துபோன முறை முழுசாக ஞாபகம் வரவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒரு தடவை அறுபது அடி வரை வந்தாள். ஒரு தடவை சுவரில் முட்டிக்கொண்டே நின்றாள்.

"இன்னிக்கு அவ என்னா செய்றான்னு பாப்போம்," என்று எல்லாவற்றையும் கேட்ட கருப்பையா தரையில் உட்கார்ந்தான். சுகுமாரன் கேசட்டைப் போட்டான்.

நாற்பத்தொன்றில் லோரிக்கு முன்னால் நூலிழையில் தாண்டினாள். அறுபதையும் தாண்டினாள். கூடைகள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குள் போயின. கடைசிக் கூடைக்கு முன்னால் அந்த ஆள் நின்றுவிட்டான். லோரி போனது, வந்தது, மறுபடி போனது.

"நின்னுருச்சுண்ணே. மறுபடியும் கெட்டுப்போச்சா?"

சுகுமாரன் இல்லையென்று தலையை ஆட்டினான். அன்றைக்கு அந்த இடத்தில்தான் உஷா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து இருமினாள். பக்கத்தில் இருந்த அவன், புத்தகத்திலிருந்து தலை நிமிராமல், "சீக்கிரம் அமுக்கு, லோரி வருது" என்றான்.

லோரி மூன்றாவது தடவை கடந்தது. அந்த ஆள் அசைந்தான், கடைசிக் கூடையைத் தள்ளினான். அறை முடிந்தது.

கருப்பையா மெல்லச் சொன்னான்: "ஓடிருச்சுண்ணே. அந்தச் சும்மா நிக்கிற எடத்த மட்டும் வெட்டிட்டா இன்னும் நல்லாருக்கும்ல?"

சுகுமாரன் கேசட்டை மறுபடி முதலுக்குச் சுற்றினான்.

"வெட்ட வேணாம் லா. அவ இருமி முடிக்கட்டும். இந்தத் தடவ நான் அவசரப்படுத்த மாட்டேன்."