பத்து மணி விமானம்

பெர்னிக் நகரத்து மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தவள் பென்கா. சுரங்கத் தொழிலாளி கிரிலைக் கட்டிக்கொண்டு ஒரே மகளைப் பெற்றாள். மகள் எலிட்சா லண்டனுக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று, அவளுடைய பயணச்சீட்டை பென்காதான் கையில் வைத்திருந்தாள். சோஃபியாவில் பத்து மணிக்குப் புறப்பாடு, லண்டனில் பதினொன்று இருபதுக்கு இறக்கம் என்று போட்டிருந்தது. ஒன்றேகால் மணி நேரப் பயணம்தான் என்ற கணக்கு அவள் மனதில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்துவிட்டது.

அதனால்தான் கிரில் இறந்தபோது மகள் வராததை அவளால் தாங்க முடியவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை, நாற்பதாம் நாளுக்கும் வரவில்லை. லீவு தரவில்லை என்று போனில் அழுதாள். லீவு இல்லை என்பதெல்லாம் பொய், இங்கிருந்து சோஃபியாவுக்குப் பஸ்ஸில் போகிற நேரம்தானே, அதற்குக்கூட மனசு வரவில்லையே என்று பென்கா துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்தாள். அதன்பிறகு மகளோடு பேச்சு சுருங்கிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து எலிட்சாவுக்குக் குழந்தை பிறந்தது. மருமகன் சீட்டு எடுத்து அனுப்பினான். அதே பத்து மணி விமானம். பென்கா விடியுமுன் எழுந்து, மாவில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து பனிட்சா சுட்டு, சூடு ஆறுவதற்குள் போய்விடலாம் என்று துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

அவள் கைக்கடிகாரத்தில் பதினொன்று இருபது தாண்டியது. விமானம் இறங்கவில்லை. பன்னிரண்டும் ஆனது. கீழே மேகம் மட்டும்தான். பென்கா சிலுவை போட்டுக்கொண்டு, பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த, லண்டனில் வேலை பார்க்கும் கொத்தனார் ஒருவனை எழுப்பினாள்.

"தம்பி, ஏதோ கோளாறு போல. இன்னும் இறங்கலையே. நம்மகிட்ட மறைக்கிறாங்களா?"

"எங்கக்கா இறங்கறது? மேகத்துக்குக் கீழ மலைதான் இருக்கு. இங்க இறக்கிவிட்டா நடந்து போயிடுவீங்களா?"

லண்டன் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டு மணி நேரம் பின்னால் ஓடுகிறது, பயணம் மூன்று மணி நேரத்துக்கு மேல், திரும்பும்போது கடிகாரக் கணக்கில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆவதுபோலத் தெரியும் என்று அவன் விளக்கினான்.

"போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு அஞ்சு. தூரம் மட்டும் ஒண்ணா?"

"ஆமாக்கா" என்றவன், அவள் நீட்டிய ஆறிப்போன பனிட்சாவில் பாதியைத் தின்றுவிட்டு மறுபடி தூங்கிப்போனான்.

பென்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வந்தது. ஊரெல்லாம் மகளைப் பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டோமோ? மூன்று மணி நேரம் என்றால் மட்டும் வரக்கூடாதா? வார்னா கடற்கரைக்குப் பஸ்ஸில் போனால் இதைவிட அதிகம் ஆகுமே. கோபத்தை விடுவதா, வைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

லண்டனில் குழந்தையோடு காத்திருந்த மகளிடம் அவள் முதலில் கேட்டதே, "மூணு மணி நேரம்னு ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்பதுதான்.

எலிட்சாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பென்கா நடந்ததைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"லீவு குடுத்தாங்கம்மா. டிக்கெட்டும் எடுத்தேன். ஏர்போர்ட் வரைக்கும் வந்துட்டேன். அப்பாவ அப்படிப் பாக்க பயமா இருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன்."

லீவு கிடைக்கவில்லை என்பது பொய் என்று பென்கா அடக்கத்தின்போதே ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். அது உண்மையாகிப் போனதில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபமும் வரவில்லை. என்ன வர வேண்டும் என்றே புரியாமல் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் எலிட்சா தயங்கித் தயங்கி, அன்றைக்கு அப்பாவை யாரெல்லாம் தூக்கினார்கள் என்று கேட்டாள். பென்கா ஒவ்வொருவராகப் பேர் சொல்லத் தொடங்கினாள். பேச்சில், இறங்க வேண்டிய நிலையம் தாண்டிப்போனதை இருவருமே கவனிக்கவில்லை.