நிறுத்துகிற ஆள்

சிங்கப்பூரில், துவாஸ் ஷிப்யார்டில் எனக்கு ஃபயர் வாட்ச் வேலை. வெல்டிங் நடக்கிற இடத்தில் தீயணைப்பு சிலிண்டரோடு நிற்பேன். பொறி தப்பான இடத்தில் விழுந்தால் கையைத் தூக்குவேன். ஃபோர்மேனே ஆனாலும் வேலையை நிறுத்த வேண்டும். கப்பல் டாங்க்குக்குள் வேலை என்றால் உள்ளே ஒருத்தர், வெளியே ஒருத்தர் என்று இரண்டு பேர் காவல் நிற்போம்.

புக்கிட் மேராவில் இருந்த என் தங்கச்சிக்கு மார்பில் கட்டி. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துத் தமிழிலேயே சொன்னார்.

"செல்லுக்குள்ள காவல் ஜீன் இருக்கும்மா. செல்லுல கோளாறு வந்தா சரி பண்ணும். முடியலைன்னா அதைப் பெருக விடாது. அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டு வரும். உங்களுக்கு ஒண்ணு பிறக்கும்போதே பழுது."

"அப்போ ஒத்தை ஆளை வச்சே ஓட்டிருக்கேனா?" என்று கேட்டாள் தங்கச்சி.

"ஆமா. ரொம்ப வருஷம் ஓடும். ஏதோ ஒரு செல்லுல அந்த இன்னொண்ணும் கெட்டா, அங்க நிறுத்த ஆள் இல்லை."

எனக்குப் புரிந்தது. வெளியே ஆள் இல்லாத டாங்க்குக்குள் நானும் ஒற்றை ஆளாக நின்றிருக்கிறேன்.

"வீட்ல யாருக்காவது இருந்துச்சா? தெரிஞ்சிருந்தா முன்னாடியே வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்திருக்கலாம்."

"யாருக்கும் இல்ல டாக்டர். அம்மா மஞ்சக்காமாலையில போனாங்க."

நானும் தலையாட்டினேன். எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் தங்கச்சி, ஊரில் இருக்கும் அப்பாவுக்கு ஸ்பீக்கரில் ஃபோன் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மாவுக்கு என்னப்பா நோவு?"

அந்தப் பக்கம் டிவியை அணைத்தார். பிறகு சொன்னார்.

"மார்ல கட்டிம்மா. புத்துநோய். வெளிய தெரிஞ்சா உன்னை எவன் கட்டுவான்? அதான் காமாலைன்னு சொல்லிட்டோம்."

"ஊருக்குச் சொல்ல வேணாம்ப்பா. எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

அப்பா அழுதார். இவள்தான், "சரி விடுங்க. மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவள் பிழைக்கவில்லை.

பிறகு எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு இரண்டு ஜீனும் பழுதில்லை என்றார்கள். சந்தோஷம் வரவில்லை. தங்கச்சி மகளுக்கு ஒன்று பழுது. இன்னும் நோய் இல்லை, விடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டரம்மா.

போன மாதம் அந்தப் பிள்ளையைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் தேக்கா மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு போனேன். தங்கச்சி வீட்டுக்காரர் என்னைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"இப்ப எதுவும் சொல்ல வேணாம் மச்சான். கல்யாணம் முடியட்டும்."

பிள்ளை காதில் விழுந்துவிட்டது.

"ஏன்ப்பா, எனக்கும் ஒரு மஞ்சக்காமாலையா?"

அவள் வெளியே போய் வந்தவர்களிடம், பாட்டிக்கு என்ன, அம்மாவுக்கு என்ன, தனக்கு என்ன என்று எல்லாம் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைப் பாதியில் வைத்தார். சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். இதுவரை ஃபோன் இல்லை.

அன்று அவள் கப்புகளைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

"போனா போகட்டும் லா மாமா. அடுத்த வாரம் ஸ்கேன் இருக்கு. கூட வர்றீங்களா?"

"லீவு போடுறேன்."

அம்மாவின் நோவு முன்னாடியே தெரிந்திருந்தால் தங்கச்சிக்கும் இப்படி ஒரு லீவு போட்டிருக்கலாம்.