அக்காவின் பாவ அறிக்கை

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ரொட்டித் துண்டுகளும் திராட்சை ரசம் ஊற்றிய சின்னப் பிளாஸ்டிக் குவளைகளும் அடுக்கிய தட்டு, முன்வரிசையிலிருந்து கைமாறிக் கைமாறிப் பின்னால் வரும். சபை ஒழுங்கு நடவடிக்கையில் இருப்பவர் அதிலிருந்து எடுக்கக் கூடாது. வாங்கி, அடுத்தவரிடம் நீட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிப்பதாகப் பேர். ஆனால் யார் எடுக்கவில்லை என்பது தட்டு கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் முழுச் சபைக்கும் தெரிந்திருக்கும்.

என் அக்கா இரண்டு வருடமாகத் தட்டை வாங்கி என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. அங்கே கல்யாணமான ஒருவரோடு சில காலம் பழகினாள். யாரும் அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. அவளாகவே அதை முடித்துக்கொண்டு, அவளாகவே பாஸ்டரிடம் போய் அழுது சொன்னாள். சொல்லாமல் இருந்திருந்தால் இன்றுவரை ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பாஸ்டர் ஜெபம் பண்ணினார். ஆனால் அறைக்குள் சொன்னது போதாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் எழுந்து நின்று அறிக்கை செய்தால்தான் மறுபடி திருவிருந்தில் சேரலாம் என்பது எங்கள் சபை வழக்கம். அக்காவால் அது முடியவில்லை. பிறந்தநாள்காரர்களை எழுந்து நிற்கச் சொன்னாலே உட்கார்ந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்கிற ஆள் அவள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் செய்தது தப்பே இல்லை என்று வாதாட நான் இதை எழுதவில்லை. அது பாவம் என்றுதான் இன்றும் நம்புகிறேன். இன்னொருத்தியின் வீடு அதில் வெந்தது. அதற்காக நானே அவளை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். என் கோபமெல்லாம் அதற்கு அப்புறம் நடந்ததில்.

பாஸ்டர் விபசாரத்தைப் பற்றி அடிக்கடி பிரசங்கம் செய்வார். மற்ற பாவங்கள் வெளியே நிற்கும், இது ஒன்றுதான் உடம்புக்குள்ளேயே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும், தேவன் தங்குகிற வீட்டை உள்ளிருந்தே அரிக்கும் என்பார். அறிக்கை செய்யாத பாவம் நோயாக வெளியே வரும் என்றும் சொல்வார். நன்றாகப் பேசுவார். நானும் தலையாட்டியிருக்கிறேன். அக்காவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்று, அவள் டாக்டரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "பாஸ்டர் சொன்ன இடத்துலயே வந்திருக்கு பார்த்தியா, பாப்பா" என்றாள். எனக்கு அவள் கன்னத்தில் ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது.

பாஸ்டர் கெட்டவர் இல்லை. சிகிச்சைக்கு என்னால் விடுப்பு எடுக்க முடியாத நாட்களில் அவர்தான் தன் காரில் அவளை அழைத்துப் போனார். வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டவரும் அவர் மனைவிதான். அதனால்தான் அவர் பேச்சு அவளுக்கு அவ்வளவு ஆழமாக இறங்கியது.

மருந்து இனிக் கேட்காது என்றானபின் அக்காவுக்கு ஒரே ஆசை. திருவிருந்து எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் கர்த்தர் நோயிலிருந்து விடுவிப்பார் என்று அவள் நம்பினாள். ஆனால் அறிக்கை செய்ய அவளால் சபைக்குப் போக முடியாது. சபை மூப்பர்கள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஞாயிறு ஆராதனை நேரத்தில் நான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைக்க வேண்டும், அவள் பேசுவதைப் பாஸ்டர் தன் கைப்பேசியை மைக்கருகே பிடித்துச் சபைக்குக் கேட்கச் செய்வார். அவளும் ஒத்துக்கொண்டாள். முகத்தைக் காட்ட வேண்டாமே என்பதுதான் அவளுக்குப் பெரிய நிம்மதி.

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மா நாங்கள் ஜெபம் செய்கிறோம் என்று நினைத்து, பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தின் சத்தத்தைக் குறைத்தார். அக்கா மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். அந்த மனிதரின் பெயரைச் சொல்லவில்லை. தன்னைப் பற்றி எதையும் மறைக்கவில்லை. கைப்பேசியில் சபை ஆமென் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

ஊரடங்குக் காலத்திலிருந்து எங்கள் ஆராதனை முழுவதும் பேஸ்புக்கில் நேரலையாகப் போகிறது. மின்விசிறி சுற்றுவதைப்போல அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அன்று அதை நிறுத்த வேண்டும் என்று பாஸ்டருக்கோ மூப்பர்களுக்கோ எனக்கோ தோன்றவில்லை. அக்காவின் பாவம், கீழே கூப்பிய கைப் படங்களும் இதயப் படங்களும் விழ விழ, ஊர் முழுக்கப் போனது. சாயங்காலம் நீக்கினார்கள். அதற்குள் அவள் தொழிற்சாலை வாட்சப் குழுவில் யாரோ போட்டாயிற்று.

பாஸ்டர் மத்தியானமே ஓடிவந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. ரொட்டிக்காக அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குவளையை அவள் உதட்டில் வைத்தபோது அவள் முகம் அப்படியே தளர்ந்தது. அந்த முகத்துக்காக அன்று எல்லாரையும் மன்னித்தேன்.

மறுநாள் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பெரியம்மா வந்தார். நாங்கள் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். அந்தக் காணொளி தன் கைப்பேசிக்கும் வந்ததை வாசலிலேயே என்னிடம் சொல்லி மூக்கைச் சிந்தினார். உள்ளே, "கேட்டீங்களா பெரியம்மா?" என்று அக்கா கேட்டபோது, "எனக்கு அந்த போன்லாம் பார்க்கத் தெரியாதுலா. ரொம்ப வலிக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டு ரசம் சாதத்தை ஊட்டிவிட்டார்.

வலித்தது. அந்த வாரம் முழுவதும் கூடிக்கொண்டே போனது. அக்கா கர்த்தர்மேல் சந்தேகப்படவில்லை. தன்மேல் சந்தேகப்பட்டாள். பாஸ்டர் மறுபடி பார்க்க வந்தபோது அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஏதாவது சொல்லாம விட்டுட்டேனா பாஸ்டர்? ஏன் இன்னும் போக மாட்டேங்குது?" என்று கேட்டாள்.

இல்லை சிஸ்டர், இந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள், அவர் சொன்னால் நம்புவாள். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கண் கலங்கியது. அவள் கைமேல் கை வைத்து, "பரிசுத்த ஆவியானவர் ஞாபகப்படுத்துவார் சிஸ்டர். யோசிச்சுப் பாருங்க" என்றார்.

அவர் போனபின் அக்கா யோசிக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் சிநேகிதியின் ரப்பரை எடுத்தது, அம்மாவிடம் பொய் சொல்லிப் படம் பார்க்கப் போனது, ஒருமுறை என்மேல் பொறாமைப்பட்டது என்று ஒவ்வொன்றாக என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு வலி குறைகிறதா என்று கண்ணை மூடிப் பார்ப்பாள். குறையாது. வேறொன்றைத் தேடுவாள். பேச்சு நின்ற பிறகும் உதடு அசைந்துகொண்டிருந்தது. சாகிறவரைக்கும் அக்கா யோசித்துக்கொண்டிருந்தாள்.