விபூதிப் புதன்

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்த மறு வருஷம், எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு நர்சம்மா குடிவந்தார். செங்கல்பட்டுப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். என் மாமியார் ஏகாம்பரநாதரைத் தவிர வேறு தெய்வத்தைப் பேச்சுக்குக்கூட ஒத்துக்கொள்ளாதவர். ஆனாலும் நர்சம்மாவை அவருக்குப் பிடித்துப்போயிற்று. "தங்கமான பொண்ணு. நெத்திதான் பாழா கெடக்குது" என்று தறியில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் அடிக்கடி அங்கலாய்ப்பார்.

ஒரு புதன்கிழமை காலையில் நர்சம்மா சர்ச்சுக்குப் போய்த் திரும்பினார். நெற்றியில் சாம்பல். சிலுவையாகத்தான் இட்டிருப்பார்கள், நடந்து வந்த வியர்வையில் அது பட்டையாக இழுபட்டிருந்தது.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த மாமியார் துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"ஏம்மா, நெத்தியில என்னா அது?"

"விபூதிம்மா. இன்னிக்கு விபூதிப் புதன்."

"யாரு இட்டு வுட்டாங்க?"

"எங்க சாமியார்தான்."

பாதிரியாரை அவர்கள் சாமியார் என்பார்கள் என்று எனக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியாது. அவர் கண்முன் காவி வேட்டியும் ருத்திராட்சமும் வந்து நின்றுவிட்டன. நான் வாயைத் திறப்பதற்குள், "ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போம்மா" என்றார்.

"வேணாம்மா. இன்னிக்கு ஒருசந்தி. ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் சைவம்."

அவ்வளவுதான். நர்சம்மா உள்ளே போனதும் மாமியார் தெருவில் இறங்கினார். தெருக்கோடியில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் சேதி போய்விட்டது: நர்சம்மா சிவனிடம் வந்துவிட்டார்!

சாயங்காலம் தேங்காய் பழத் தட்டும் நாலு பெண்களுமாக மாமியார் பின்கட்டு வாசலில் நின்றார்.

"கெளம்பும்மா, ஏகாம்பரநாதரைப் பாத்துட்டு வந்துடலாம்."

நர்சம்மா திருதிருவென்று விழித்தார். நான் பின்னாலிருந்து காட்டிய சைகை அவருக்குப் புரியவில்லை. கடைசியில், அது சர்ச்சில் இட்ட சாம்பல், சாமியார் என்றது பாதிரியாரை என்று நானே விஷயத்தை உடைத்தேன். நாலு பெண்களும் மாமியார் முகத்தைப் பார்த்தார்கள். அவர் நர்சம்மா பக்கம் திரும்பினார்.

"அப்ப எதுக்கும்மா எங்க விபூதி பேரை வெச்சிக்கினு இருக்கீங்க?"

"போன வருஷம் குருத்தோலை ஞாயித்துக்குக் கையில புடிச்ச ஓலைங்களை எரிச்சி, அந்தச் சாம்பலைத்தான் பூசுவாங்கம்மா. அதால இந்தப் பேரு. மனுசன் மண்ணுதான், மண்ணாத்தான் போவான்னு ஞாபகப்படுத்துறதுக்கு. இன்னியிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் எங்களுக்குத் தவக்காலம்."

"ஓலைச் சாம்பலா? பசுஞ்சாணி கெடையாதா?"

"கெடையாதும்மா."

"சாணி இல்லாம அது என்னா விபூதி!" மாமியார் சற்று யோசித்தார். "ஆனா உங்க சாமியார் சொல்றது நெசம்தான். கடைசியில எல்லாரும் சாம்பல்தானே."

தெருவில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது அவர் வழக்கமில்லை. நர்சம்மா இல்லாமலே கோயிலுக்குக் கிளம்பினோம். "என்னா, நர்சம்மா வர்லியா?" என்று வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், "வந்துக்கினே இருக்கிறா. பாதி வழி வந்துட்டா" என்று பதில் சொன்னார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நடந்தேன்.

சந்நிதியில் நர்சம்மா பேருக்கும் அர்ச்சனை செய்யச் சொன்னார். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். மாமியார் கொஞ்சமும் தயங்கவில்லை.

"நட்சத்திரம் தெரியாது சாமி. புதன்கிழமைன்னு போட்டுக்குங்க."