திக்திக் மான்

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நோர்வேயில் அவள் போகும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி. மற்றப் பிள்ளைகள் தாய்மொழி, தைப்பொங்கல் என்று எடுக்க, இவள் நூலகப் புத்தகத்தில் கண்ட ஓர் ஆப்பிரிக்க மானில் போய் நின்றாள். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிசாம்.

"அம்மா, சோமாலியாவிலை அது ஒரு மாதிரி, கென்யாவிலை வேறை மாதிரி. ஒண்டுக்கு மூக்கு நீளம். நமீபியாவிலை இருக்கிறது மற்றதுகளை விட்டுக் கனதூரம், தனிய."

"பொங்கலைப் பற்றிப் பேசன் ராசாத்தி, எனக்கும் லேசு."

"இல்லை, மான்தான்!"

அவளுக்குத் தமிழில் எழுத வராது. எனக்கோ முதியோர் இல்லத்தில் வேலை. வயதானவர்களைத் தூக்கி இருத்திக் குளிப்பாட்டி, முதுகு பிய்ந்துபோய் வீட்டுக்குப் போக லில்லெஸ்ட்ரோம் ரயிலில் ஏறுவேன். அதில் இருந்துகொண்டுதான் மடியில் தாளை வைத்து அந்தப் பேச்சை எழுதினேன். மானின் பெயரை நோர்வேக்காரர் சொல்வது காதில் விழுந்தபடியே 'திக்திக்' என்று போட்டேன். திரும்ப ஒருக்கால் வாசித்துப் பார்க்க உடம்பில் தெம்பில்லை. சனியன் பிடித்த வேலை!

எனக்கு இருந்தது ஒரே ஆசை, இவள் என்னோடு தமிழில் கதைக்க வேண்டும். பகல் முழுக்க உடைந்த நோர்வே மொழியில் தத்தளித்துவிட்டு, வீட்டுக்கும் வந்து அதையே கதைக்க என்னால் ஏலாது.

மேடையில் ஏறி, "எனது பேச்சின் தலைப்பு திக்திக் மான்" என்றாள். நடுவராக இருந்த சென்னைக்கார அம்மா, "பாப்பா, அது டிக்-டிக்! திக்திக்னா பயத்துல நெஞ்சு அடிச்சுக்கிறது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். மண்டபம் கொல்லென்று சிரித்தது.

மகள் என்னைப் பார்த்தாள். எழுதியது நான் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கத்தில் நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். பாவி நான். அவள் பேச்சில் சோமாலியா வரைக்கும்கூடப் போகவில்லை, பேசாமல் இறங்கிவிட்டாள்.

திரும்பி வரும்போது ரயிலில் அவளுடைய கையைப் பிடித்தேன். "நான்தான் பிழையா எழுதிப்போட்டன் அம்மாச்சி. கோவமோ?"

"எழுதினதுக்கு இல்லை. நீங்களும் சிரித்தீர்கள்" என்றாள், நோர்வே மொழியில்.

"தமிழிலை சொல்லு பிள்ளை."

"எதற்கு?" அதையும் நோர்வே மொழியிலேதான் கேட்டாள்.