பனிக்குச் சொல்லும் சொல்

விரிப்பின் ஒரு முனை ஸாஜிதாவின் கையில் இருந்தது. மறு முனையை மகள் மபாஸா பிடித்திருந்தாள். ஆலங்குடாக் கடற்கரை விடுதியின் கட்டில் விரிப்புகள் அவை. வெளிநாட்டார் வரவு நின்று விடுதியைப் பூட்டும்போது, எல்லாவற்றையும் ஒருமுறை கழுவி மடித்துத் தரும்படி முதலாளி சொல்லியிருந்தார். ஸாஜிதாவுக்கு அங்கே இருந்த வேலை அதோடு சரி.

முற்றத்தில் அவள் புருஷன் நிஸாரின் போட் எஞ்சின் சாக்கு மூடிக் கிடந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காத வருஷம். எத்தாளை ஊர்க் கரையில் ஏற்றிவிட்ட போட்டுகள் அசையவேயில்லை. கேஸ் இல்லை, அடுப்புக்குத் தென்னம்மட்டை. இரவைக்குப் பாண் கிடைத்தால் பாண், கிடைக்காவிட்டால் தேத்தண்ணி.

சைப்பிரஸில் ரஷ்யன் பேசும் குடும்பம் ஒன்று, சின்னப் பெண்பிள்ளையைப் பார்க்க ஆள் தேடியது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஹாசிம் இதைக் கொண்டுவந்தபோதே, ஸாஜிதாவின் வயசுக்கு இனி இன்னொரு வீடு அமையாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். முன்பு டுபாயில் வேலை பார்த்த வீட்டு மேடத்தின் நற்சான்றை இங்கிலீஷில் எழுதி அன்றைக்கே கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து மேடத்துக்குப் போன் எடுத்து விசாரிப்பார்களாம், அதனால் அவர் சொன்ன எதையும் விட்டுவிட முடியாது. கரண்ட் போனால் சிக்னலும் போய்விடும்.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் ஸாஜிதா. அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தாள், நிஸாரைக் கலியாணம் முடித்தாள். மபாஸாவுக்குப் பேச்சு வந்த புதிதில் அவளைத் தன் கூடப்பிறந்த றாத்தா றம்லாவிடம் விட்டுவிட்டு டுபாய்க்குப் போனாள். மேடம் ஒல்கா ரஷ்யாக்காரி. மேடத்துக்கு அரபு வராது, ஸாஜிதாவுக்குத் தமிழைவிட்டால் வேறு வராது. மேடத்தின் கைக்குழந்தை மீஷா பேசப் பழகப் பழக, அவனோடு சேர்ந்து ஸாஜிதாவும் ரஷ்யன் பழகினாள்.

மேடம் ரஷ்யனில் குரல் பதிவாகப் பேசி அனுப்பியிருந்தார். அதை ஸாஜிதா தமிழில் சொல்லச் சொல்ல, ஏ.எல். வரை படித்த மபாஸா போனில் இங்கிலீஷில் தட்டினாள். நேர்மையானவள். சுத்தக்காரி. கை நீளாதவள். கடைசியில் மேடம் ஒரு மூச்செடுத்து, பிள்ளையிடம் மட்டும் இவள் ‘ஸுரோவயா’ என்று முடித்திருந்தார்.

மபாஸா அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டாள். “ஸ்ட்ரிக்ட் எண்டு போடவா? புள்ள பார்க்கிறவங்களுக்கு அது நல்ல பேருதானே.”

அதற்கு ரஷ்யனில் வேறு சொல் உண்டு என்றாள் ஸாஜிதா. பள்ளிக்கூடத்து டீச்சர்மாருக்குச் சொல்கிற சொல், அதை மேடம் சொல்லவில்லை. இந்தச் சொல்லைத் தன் ஊர்க் குளிரைப் பற்றிக் கதைக்கும்போதுதான் மேடம் சொல்வார். ஆள் பார்த்து இரங்காத குளிர்.

“அந்தப் புள்ளைக்கு அடிச்சீங்களா?”

“ஒரு நாளும் கை வெச்சதில்ல.”

“அப்ப?”

ஸாஜிதா அடுத்த விரிப்பை உதறினாள். “அவங்கட பாஷையில என்னை உம்மா எண்டு கூப்பிடத் தொடங்கிட்டான். நான் திரும்பிப் பார்க்கிறதில்ல. ஸாஜிதா எண்டு சொல்லும் மட்டும் போக மாட்டன்.”

ஒருமுறை படியில் விழுந்து, முழங்கால் தோல் உரிந்து, அப்படிக் கூப்பிட்டபடியே கிடந்தான். அப்போதும் அவள் குசினியில் சமையலை விட்டு வரவில்லை. மேடம் கதவடியில் நின்று பார்த்தார்.

அதற்குக் கொஞ்சம் முந்தித்தான் ஸாஜிதா லீவில் ஊருக்கு வந்து போயிருந்தாள். மபாஸா றம்லாவை உம்மா என்றாள். றம்லாவின் தங்கச்சி என்பதால் ஸாஜிதாவைச் சாச்சி என்றாள். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். ஸாஜிதாவும் சிரித்தாள்.

மபாஸாவின் கையில் இருந்த முனை தாழ்ந்து நிலத்தில் பட்டது.

“மண் படுது, தூக்கிப் புடி.”

வெளியே இருந்து நிஸார், எழுதி முடிந்ததா என்று கேட்டார். “ரஷ்யன்ல கதைக்கிற கையோட அவங்களுக்கிட்ட ரெண்டு பெரல் எண்ணெயும் கேளு” என்றார். ஒருவரும் சிரிக்காததால் மட்டை பிளக்கப் போய்விட்டார்.

மபாஸா விரிப்பைக் கதிரையில் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். “சரியான சொல்லு ஹார்ஷ்தான். அதைப் போட்டா உங்கள ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க.” அவள் எச்சரிக்கிறாளா, ஆசைப்படுகிறாளா என்று ஸாஜிதாவுக்குத் தெரியவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முற்றத்தில் மட்டை பிளக்கும் சத்தம் கேட்டது. நாளைக்கு அடுப்பில் வைக்க அரிசி இல்லை. அது மூன்று பேருக்கும் தெரியும்.

“ஸ்ட்ரிக்டையே போடு.”

“அது பொய்யெண்டு நீங்கதான் சொன்னீங்க.”

“ஓம். போடு.”

மபாஸா தட்டினாள். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். தரையில் பட்ட முனையை ஸாஜிதா கையால் தட்டி, அந்த விரிப்பைத் தனியாகவே நெஞ்சோடு வைத்து மடித்து, மற்றவற்றின் மேல் அடுக்கினாள்.

“உம்மா.”

ஸாஜிதா அடுக்கைத் தூக்கினாள்.

“அங்க இருக்கிற புள்ளயும் அப்பிடிக் கூப்பிட்டா, என்ன செய்வீங்க?”

அடுக்கு அவள் வாய்க்குக் கீழே, நாடி வரைக்கும் இருந்தது. ஸாஜிதா கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.