விளையாட்டுப் பெட்டியும் பத்துச்சீட்டும்

நல்லமுத்து எங்கள் அக்கரப்பத்தனைத் தோட்டத்து தேயிலை பெக்டரியில் வயர்மேன். மோட்டார் நின்றாலும் துரைமார் பங்களாவில் விளக்கு அணைந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கரண்டைத் தொடப் பயப்படாதவன், ஒரு காகிதத்துக்கு நடுங்குவான். எழுபத்தேழில் வேறொரு தோட்டத்தில் பத்துச்சீட்டு கொடுத்து அவனை அனுப்பியிருந்தார்கள். அது கையில் விழுந்தால் வேலையும் போச்சு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போச்சு. பெண்டாட்டி ராக்காயியோடு மழையில் நடந்து வந்த கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்.

எண்பத்துநாலில், தோட்டத்து உதவி மேனேஜரான சின்னதுரைக்கு அவர் அண்ணன் வெளிநாட்டிலிருந்து, டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி ஒன்று அனுப்பினார். அதே கம்பெனியின் பழைய பெட்டி ஏற்கெனவே பங்களாவில் இருந்தது; அது ஒழுங்காக ஓடியது. புதுசு பெரிசு, படமும் தெளிவு. ஆனால் பழைய விளையாட்டுக் கெசட் எதுவும் அதில் ஏறாது. கைப்பிடியில் உள்ள குச்சியைத் தள்ளினால் தள்ளிய பக்கமே சாய்ந்து கிடக்கும், நடுவுக்குத் திரும்பாது. இரண்டே மாதத்தில் பொத்தான்களும் செத்தன. சின்னதுரை கைப்பிடிகளை மட்டும் நல்லமுத்துவிடம் கொடுத்துச் சரிபண்ணச் சொன்னார்.

திறந்து பார்த்தான். உள்ளே தகடு கறுத்துக் கிடந்தது. பனியீரம் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினான். எங்கள் பக்கம் சப்பாத்து நனைந்தாலும் கம்பளி நனைந்தாலும், தேயிலை காய்ச்சும் டிரையருக்குப் பக்கத்தில் வைத்துத்தான் உலர்த்துவோம். கைப்பிடி இரண்டையும் அங்கே வைத்துவிட்டு மோட்டார் பார்க்கப் போனான். திரும்பி வந்தால் ரப்பர் இளகி, பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

பெக்டரியில் கூட வேலை செய்யும் என்னிடம் வந்து நின்றான். மறைத்தால்தான் ஆபத்து, போய்ச் சொல்லிவிடு என்றேன்.

போனான். துரை கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அங்கேயும் எல்லாருக்கும் இதே கோளாறுதான், யாரும் வாங்காமல் கம்பெனியே செய்வதை நிறுத்திவிட்டது என்று அண்ணன் எழுதியிருப்பதாகச் சொன்னாராம். கடைசியாக, தனக்குத் தெரிந்த தமிழில், "நாளைக்கு காலைப் பெரட்டுல ஆள் எண்ணி முடிஞ்சி ஆபீஸ் வா. சீட்டு தாறன்" என்றாராம்.

இவன் காதில் சீட்டு என்ற வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

மறுநாள் ராக்காயி கொழுந்தெடுக்கப் போகவில்லை. சட்டிபானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டே, "வெளையாட்டுச் சாமானத் தேயிலையாட்டம் வறுத்த ஆளு நீங்க ஒருத்தருதான்" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. போட்ட முடிச்சையே மறுபடி அவிழ்த்துக் கட்டினாள்.

ஆபீசில் கொடுத்த சீட்டை அவன் பிரிக்கவே இல்லை. பிரித்தாலும் இங்கிலீஷ், அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெக்டரியை நடத்தும் டீமேக்கர் பத்திநாதன் ஐயாவிடம் கூட்டிப் போனேன்.

ஐயா வாசித்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கேட் சீட்டுடா இது. பங்களாவுல இருந்து அந்தப் பொட்டிய நீ வீட்டுக்குக் கொண்டு போகலாமாம். காவக்காரன் மறிக்கக் கூடாதாம். ஒனக்கே குடுத்துட்டாரு."

"எம்பேர வெட்டுனதா கீழ ஏதும் எழுதியிருக்காங்களாய்யா?"

"இல்லடா."

"இன்னொருக்கா வாசிங்கய்யா."

மூன்று தடவை வாசிக்க வைத்தான். அப்புறம்தான் மூட்டையை அவிழ்க்கச் சொல்ல லயத்துப் பக்கம் ஓடினான். பெட்டியை எடுக்க அவன் பங்களாப் பக்கம் போகவே இல்லை.